நிறுத்தச் சொன்னால் நிற்கும் பெட்டி

எங்கள் வீட்டில் பேச ஆள் இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. என் கணவர் சபரீஷ் பம்புசெட் உதிரிபாகம் செய்கிற பட்டறை வைத்திருக்கிறார். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகியவர். போனில் ரகசியம் பேசினால்கூடப் பெரியநாயக்கன்பாளையம் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களுக்கு விவரம் தெரிந்துவிடும். அவருடைய அக்கா கோகிலவாணி, அதாவது என் நங்கையா, சென்னிமலையிலிருந்து வந்து இறங்கினால் செருப்பைக் கழற்றும்போது ஆரம்பித்த பேச்சைத் திரும்ப மாட்டும்போதுதான் முடிப்பார். இந்த வீட்டுக்குத்தான் பேசுகிற பெட்டி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வந்தார் சபரீஷ்.

"பாப்பா இதுகூடப் பேசிப் பழகுவாளாமா. வீடியோல ஒரு டாக்டரு சொல்றாரு" என்றார்.

"நம்மகூடப் பேசாதவ டப்பாகூடப் பேசுவாளாக்கும்?" என்றேன்.

உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். லூனா என்று அதற்குப் பெயர். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தலையில் நீலமாக ஒரு விளக்கு எரியும். கேட்டதைச் சொல்லும், பாட்டுப் போடும், மழை பெய்கிற சத்தம் போடும். தமிழில் பேசினால் மட்டும் மன்னிப்புக் கேட்கும். கோயம்புத்தூரில் விற்கிற சாமானுக்குக் கோயம்புத்தூர்க்காரன் பேசுவது புரியாது. அதைச் செய்தவனுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை, வாங்கியவருக்கும் படவில்லை.

எங்கள் மகள் மௌனிகாவுக்கு ஏழு வயது. ஆட்டிசம் என்று அவளுடைய மூன்றாவது வயதில் டாக்டர் சொன்னார். டாக்டரைத் தவிர வேறு யாரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "மௌனிகான்னு பேரு வெச்சா புள்ள எப்புடீங்க பேசும்?" என்றார் ஒரு சித்தப்பா. அதைக் கேட்டுப் பேரை மாற்ற நாள் பார்த்தார்கள். "எங்க சபரீசே நாலு வயசுக்கு மேலதான் வாயத் தொறந்தான்" என்றார் நங்கையா. தம்பி வாயைத் திறந்த பிறகு நடப்பதையெல்லாம் பார்த்தும், அதை ஓர் ஆறுதலாகச் சொல்ல அவருக்கு மனம் வந்தது. நாக்கில் தேன் தடவினார்கள். பிறகு தேன் சரியில்லை என்று வேறு தேன் தடவினார்கள். வீட்டில் விசேஷம் என்றால் மாடி ரூமில் அவள் கையில் போனைக் கொடுத்து உட்கார வைத்துக் கதவைச் சாத்தினோம். கேட்டவர்களிடம் "தூங்கறாளுங்க" என்றோம். காது குத்துக்கும் தூங்கினாள், கிரகப்பிரவேசத்துக்கும் தூங்கினாள்.

ஒன்று பிடிக்கவில்லை என்றால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மிக்ஸி ஓடினாலும், சட்டைக் காலர் உறுத்தினாலும், யாராவது கன்னத்தைப் பிடித்தாலும் இடது மணிக்கட்டைக் கடிப்பாள். பல் பதிகிற வரை கடிப்பாள். சில நாள் ரத்தம் வரும். நான்கு வருஷத்தில் அந்த இடம் தடித்துக் கறுத்துப் போயிருந்தது. நான் முழுக்கைச் சட்டையாகத் தைத்துப் போட்டேன். மறைப்பதில் இந்தக் குடும்பத்தில் யாருக்கும் நான் சளைத்தவள் இல்லை.

லூனா வந்து ஒரு மாதம் வரை அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சபரீஷ்தான் அதனிடம் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் காலையில், நான் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, ஹாலில் ஒரு சின்னக் குரல் கேட்டது. "லூனா. வாட் டே?" இன்று செவ்வாய்க்கிழமை என்று இங்கிலீஷில் சொன்னது பெட்டி. "லூனா. வாட் டே?" மறுபடி செவ்வாய்க்கிழமை. நாற்பது தடவை வரை எண்ணினேன், பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். நாற்பதாவது தடவையும் முதல் தடவை சொன்ன அதே குரலில்தான் சொன்னது. பெருமூச்சு விடவில்லை. எத்தனை வாட்டி கேட்பாய் என்று அதட்டவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பேசு என்று தாடையைப் பிடித்துத் திருப்பவில்லை. இதில் எல்லாமே நான் செய்திருக்கிறேன். எனக்கு அந்தப் பெட்டியின் மேல் பொறாமையாக இருந்தது. பொறாமைப்படுவதற்கும் எனக்கு வாய்த்தது ஒரு டப்பா.

மேட்டுப்பாளையம் ரோட்டில் அவளைப் பயிற்சிக்கு அழைத்துப் போகிற சென்டர் ஒன்று இருக்கிறது. அதன் சுவரெல்லாம் பட்டாம்பூச்சி. ஒவ்வொரு குழந்தையும் ஒரு பூ என்று எழுதியிருக்கும். அங்கே பூ, பட்டாம்பூச்சி பற்றியெல்லாம் பேசாத ஒரே ஆள் ரம்ஷா. கோட்டைமேட்டிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற பெண், இருபத்தாறு வயதிருக்கும். பெட்டியைப் பற்றிச் சொன்னதும், "அதுல அதிசயம் ஒண்ணும் இல்லக்கா" என்றாள். "அது பொறுமைசாலி இல்ல, மெஷினு. ஆனா ஒரு வார்த்தை சொன்னா ஒண்ணு நடக்கும்னு அதுகிட்ட அவ கத்துக்கறா. நம்மகிட்டச் சொன்னா எப்ப நடக்கும், எப்ப நடக்காதுன்னு அவளுக்குக் கணக்கே புரியறதில்ல."

அவள் சொன்னபடி செய்தோம். குளிக்கப் போவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் பெட்டி சொல்லும், ஒரு நிமிஷம் முன்னால் இன்னொரு தடவை சொல்லும். குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போகிற தினசரிச் சண்டை முக்கால்வாசி குறைந்தது. இங்கிலீஷில் சொல்வதா தமிழில் சொல்வதா என்று நான் கவலைப்பட்டேன். "மொதல்ல வார்த்தை வேலை செய்யட்டும்க்கா. தமிழ் எங்கயும் ஓடிப் போகாது" என்றாள் ரம்ஷா.

ஸ்டாப் என்ற வார்த்தை வந்தது ஆடி மாதத்தில். பக்கத்துக் கோயில் மைக்செட்டோடு போட்டி போட்டுக்கொண்டு சபரீஷ் லூனாவில் குத்துப்பாட்டு வைத்திருந்தார். மௌனிகா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். மணிக்கட்டு வாய்க்குப் போனது. பாதி வழியில் நின்றது. "லூனா, ஸ்டாப்" என்றாள். பாட்டு நின்றது. அவள் தன் கையையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுபடி வைக்கச் சொல்லி மறுபடி நிறுத்தினாள். அன்று ஒரு மணி நேரம் அந்தப் பாட்டின் முதல் வரியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

பத்து நாள் கழித்து அந்த வார்த்தையை என்னிடம் சொன்னாள். சிக்கெடுக்கும்போது சீப்பு இழுத்தது. "ஸ்டாப்" என்றாள், பெட்டியிடம் சொல்கிற அதே குரலில். நிறுத்தினேன். ஒரு பக்கம் பின்னியும் ஒரு பக்கம் விரித்தும் விட்ட தலையோடு அவளை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். ஊர் பார்த்தது, பார்க்கட்டும் என்று விட்டேன். அந்தத் தலையைப் பார்த்ததும் ரம்ஷாவே என்னவென்று புரிந்துகொண்டாள்.

"அக்கா, இப்பத்தான் ஜாக்கிரதையா இருக்கணும். ரோட்டுல ஓடறது, மருந்து, இதை விட்டுட்டு மத்த எதுக்கு ஸ்டாப்னு சொன்னாலும் எல்லாரும் நிறுத்தணும். ஒவ்வொரு தடவையும். பெட்டி நிறுத்துது, மனுசங்க நிறுத்தலைன்னு தெரிஞ்சா அந்த வார்த்தையை விட்டுருவா. கைய கடிக்கத் திரும்பப் போயிருவா."

நிறுத்தினோம். பாதி வெட்டின நகம் பாதியோடு நின்றது. சபரீஷ் தூக்கிச் சுற்றும்போது ஸ்டாப் என்றால் இறக்கி விட்டார். முணுமுணுத்தார், ஆனால் இறக்கி விட்டார். புரட்டாசி முடிவதற்குள் மணிக்கட்டில் புண் ஆறிப் புதுத்தோல் வந்திருந்தது. அரைக்கைச் சட்டை வாங்கினேன். எங்கள் வீட்டில் நான்கு வருஷத்தில் நடந்த ஒரே நல்ல காரியம் அந்த ஒரு வார்த்தைதான்.

சொந்தக்காரர்கள் இதைப் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். அவர்கள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று, புள்ள இங்கிலீஷ் பேசுகிறது. தேன் தடவினவர்கள் எல்லாம் தேனால்தான் என்றார்கள். "அவளுக்குத் தமிழ்தான் வரல, இங்கிலீசு அருவியாட்டக் கொட்டுது" என்று நங்கையா சென்னிமலை முழுக்கச் சொல்லி வைத்தார். கொட்டியது மொத்தம் பதினோரு வார்த்தை. அம்மா என்று கூப்பிடாத குழந்தை ஸ்டாப் என்று சொன்னதும் குடும்பத்தின் அறிவாளி ஆகிவிட்டாள். மாடி ரூமிலிருந்து ஹாலுக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

அந்தப் பதவி உயர்வு ஐப்பசியில் வந்தது. நங்கையாவின் மகளுக்கு ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக் குடும்பத்தில் மாப்பிள்ளை முடிவாகி, நிச்சயத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டாருக்கு மாமன் வீட்டில் விருந்து என்று ஏற்பாடு. மாமன் வீடு என்றால் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாற்பது இலை.

இந்த இடத்தில் எங்கள் ஊர் உபசாரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் வெளியூர்க்காரர்களுக்கு எதுவும் விளங்காது. எங்கள் பக்கத்தில் போதும் என்ற வார்த்தைக்கு மதிப்பே கிடையாது. விருந்தாளி போதுமுங்க என்பார். அது அவர் சொல்ல வேண்டிய மரியாதை. நாம் இன்னொரு கரண்டி போடுவோம். அது நாம் செய்ய வேண்டிய மரியாதை. இலைக்கு மேல் இரண்டு கையையும் விரித்து மறைப்பார். கைக்கு மேலேயே ஊற்றுவோம். முதல் தடவை வேண்டாம் என்றதை நம்பி நகர்ந்து போகிறவனுக்குக் கஞ்சன் என்று பெயர். அவன் வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். சர்க்கரை நானூறு இருக்கிற மனுஷனை ஒப்பிட்டு என்கிற பருப்புப் போளியைத் தின்ன வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, "நல்லாச் சாப்புட்டாருங்க" என்று பெருமைப்பட்ட குடும்பம் இது. நானும் அந்த ஊற்றுகிற கூட்டத்தில் ஒருத்திதான். பதினோரு வருஷமாக எத்தனையோ பேர் கையில் பாயசம் ஊற்றியிருக்கிறேன்.

விருந்துக்கு முந்தின நாள் நங்கையாவிடம் சொன்னேன். "அவ ஸ்டாப்புன்னா விட்டுரோணுமுங்க. யாரா இருந்தாலும். இல்லீனா இத்தன மாசம் பட்டதெல்லாம் வீணாப் போயிரும்."

"செரி அம்மணி, செரி. நா பாத்துக்கறேன். நீ பந்தியப் பாரு" என்றார். செரி என்று அவர் இரண்டு தடவை சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். எனக்கு அது தெரியும்.

தெரிந்தும் ஏன் அவளை மாடியில் விடவில்லை என்று கேட்கலாம். எனக்கும் ஆசை. நாற்பது பேர் முன்னால் என் மகள் அரைக்கைச் சட்டையில் உட்கார்ந்திருக்க வேண்டும், நான்கு வருஷம் தூங்கின பெண் விழித்திருப்பதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று ஆசை. மற்றவர்களைக் குறை சொல்கிற வாய் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சபரீஷ் பக்கத்திலேயே நிற்பதாகச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளையின் அப்பாவோடு மோட்டார் விலை பேச ஆரம்பித்ததும் வாசல்பக்கம் போய்விட்டார். அங்கிருந்து அவர் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஹாலின் மூலையில் லூனா நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தது. மௌனிகா ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து திரைச்சீலையின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் இருந்தது, கூட்டம் இருந்தது, ஆனாலும் சமாளித்தாள். எனக்கு மனசு நிறைந்திருந்தது.

மாப்பிள்ளையின் பெரியப்பா வெள்ளியங்கிரி இலையிலிருந்து அவளைப் பார்த்தார். அவரைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குழந்தைகள் என்றால் உயிரை விடுகிறவர். கெட்ட மனுஷராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.

"இதுதானுங்களா இங்கிலீசு பேசற பாப்பா? வா சாமி, தாத்தன்கிட்ட வா."

நங்கையா அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்து அவர் பக்கத்தில் நிறுத்தினார். பெரியவர் நெய் சொட்டுகிற ஒப்பிட்டில் ஒரு துண்டு பிய்த்தார். மௌனிகா வெள்ளையாக இருப்பதை மட்டும்தான் தின்பாள். தயிர்சாதம், இட்லி, தேங்காய்ப் பத்தை. பிசுபிசுப்பாக எதுவும் உதட்டில் பட்டால் அவளுக்கு உடம்பே கூசும்.

"பெரியவரு கையால ஊட்டிக்க கண்ணு, நல்லது" என்றார் நங்கையா.

"ஸ்டாப்" என்றாள் மௌனிகா.

தெளிவாகச் சொன்னாள். முன் வரிசை முழுக்கக் கேட்டது. அடுத்த நிமிஷம் முன் வரிசை முழுக்கச் சிரித்தது.

"பாத்தீங்களாங்க? நாஞ் சொன்னனில்லீங்க? எங்க மருமவளுக்கு வாயத் தொறந்தாலே இங்கிலீசுதான்!"

"வேண்டாங்கறதக்கூட எப்புடிச் சொல்லுது பாருங்க" என்றார் பெரியவர், சந்தோஷம் தாங்காமல். "ஒரே ஒரு வாய் சாமி. தாத்தனுக்கோசரம்." துண்டு உதட்டுக்குப் பக்கத்தில் வந்தது.

மௌனிகா அதைப் பார்த்தாள். எதையோ மறந்துவிட்டவள் போல நெற்றியைச் சுருக்கினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தானே பெட்டி கேட்கும். அதைத்தான் விட்டுவிட்டோம் என்று நினைத்திருப்பாள்.

"லூனா, ஸ்டாப்" என்றாள் அவரிடம்.

மூலையில் நாதஸ்வரம் நின்றது.

நாற்பது பேர் இருந்த ஹாலில் அவள் சொன்னதைக் கேட்டது அது ஒன்றுதான். திடீரென்று விழுந்த அந்த அமைதியில் ஒரு கணம் எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். பிறகு வீடே அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு. தாத்தாவுக்கு லூனா என்று பேர் வைத்துவிட்டாள் என்று ஒருத்தர், மேளக்காரனைத் துரத்திவிட்டாள் என்று இன்னொருத்தர். மாப்பிள்ளையின் அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் நாலடி தள்ளிப் பாயச வாளியோடு நின்றிருந்தேன். சம்பந்தி வீட்டம்மா சிரிக்கும்போது பந்தி விசாரிக்கிறவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியுமா? சிரித்தேன்.

மௌனிகா என் பக்கம் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. அவள் பொதுவாக யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் என் பல் தெரிந்திருக்கும். அவள் கையைக் கடிக்கவில்லை, கத்தவில்லை. வாயைத் திறந்தாள். பெரியவர் ஊட்டினார். விழுங்கினாள். எல்லோரும் கை தட்டினார்கள். இன்னொரு துண்டு வந்தது. அதற்கும் வாயைத் திறந்தாள்.

"நெம்பச் சமத்துங்க" என்றார் பெரியவர், அவள் உதட்டைத் தன் தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டு.

விருந்து அமோகம் என்றார்கள். பின்னால் நிச்சயமும் நல்லபடியாக முடிந்தது. "அழவே இல்ல பாரு, நீதான் கெடந்து பயந்துட்ட" என்றார் சபரீஷ். விருந்துக்கு மறுநாள் சீப்பை எடுத்துச் சிக்கில் வைத்து, வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தி இழுத்தேன். அவள் கண்ணில் நீர் கோத்தது. வார்த்தை வரவில்லை. இன்னும் இழுத்தேன். வரவில்லை. சீப்பைக் கீழே போட்டுவிட்டு அவள் தலையைக் கட்டிக்கொண்டேன். அது அவளுக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் கட்டிக்கொண்டேன். அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் லூனாவில் அதே குத்துப்பாட்டைப் போட்டுப் பார்த்தார் சபரீஷ். காதைப் பொத்திக்கொண்டு பாட்டு முடிகிற வரை உட்கார்ந்திருந்தாள். சொன்னால் நின்றிருக்கும். அந்தப் பெட்டி அவளை ஒருநாளும் ஏமாற்றியதில்லை. அதற்கும் சேர்த்து நாங்கள் ஏமாற்றி வைத்திருந்தோம். வாரம் முடிவதற்குள் புதுத்தோலில் பல் பதிந்தது.

ரம்ஷா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன். திட்டியிருந்தால் தேவலை.

"அவ சொன்னப்ப நீங்க எங்கக்கா இருந்தீங்க?"

"நாலடி தள்ளி."

"என்ன பண்ணுனீங்க?"

பட்டாம்பூச்சி ஒட்டின சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விடவில்லை, காத்திருந்தாள்.

"சிரிச்சேன்" என்றேன்.

அவள் கையிலிருந்த நோட்டை மூடி வைத்தாள். பிறகு, "மறுபடி மொதல்ல இருந்து வரலாம்க்கா. ஆனா இந்த வாட்டி பெட்டி சொல்லிக் குடுக்காது. அது செய்ய வேண்டியதைச் செஞ்சிருச்சு. அவ வாயத் தொறக்காட்டியும் அவளுக்காக நீங்க நிறுத்தணும். நாலு பேர் முன்னாடி நிறுத்தணும். அதை அவ பாக்கணும்" என்றாள்.

கார்த்திகை பிறந்ததும் வெள்ளியங்கிரி தாம்பூலத் தட்டோடு வந்தார், ஆனைமலையில் அவர்கள் வீட்டு விருந்துக்கு அழைக்க. உடன் நங்கையாவும், மாப்பிள்ளையின் அப்பா அம்மாவும். சபரீஷ் பட்டறையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். எல்லோரும் ஹாலில் உட்கார்ந்தார்கள். காபி கொடுத்தேன். வேண்டாம் என்றவருக்கும் கொடுத்தேன். பழக்கம் அவ்வளவு சுலபத்தில் போகாது.

"பாப்பாவக் கட்டாயங் கூட்டிட்டு வரோணுமுங்க அம்மணி" என்றார் பெரியவர்.

"அவ வரமாட்டாளுங்க" என்றேன்.

"அதெப்புடி வராம இருப்பா!" என்று சிரித்தார். என் வார்த்தையையும் அவர் மரியாதைக்குச் சொன்னது என்றே எடுத்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை, நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்திருக்கிறோம்.

தட்டில் இருந்த இனிப்புப் பெட்டியைத் திறந்து ஒரு மைசூர்பாகை எடுத்தார். மௌனிகா ஜன்னல் ஓரத்தில் நின்றிருந்தாள், முழுக்கைச் சட்டையில். அவர் எழுந்து அவளை நோக்கி நடந்தார். அவர் இன்னும் பக்கத்தில் போய்ச் சேரவில்லை, கூப்பிடவில்லை, கையை நீட்டக்கூட இல்லை. அவர் வருவதைப் பார்த்ததுமே அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

"பாருங்க, என்னையக் கண்டாவே வாயத் தொறக்குது!" என்று பூரித்துப் போனார் அந்த நல்ல மனுஷர்.

காபி டம்ளரை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். சம்பந்தி வீட்டுப் பெரியவரின் கையை, மாமன் வீட்டு மருமகள், எல்லோர் முன்னாலும்.

"நிறுத்துங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "ஒரே ஒரு துண்டுங்க அம்மணி."

நான் கையை விடவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார். நங்கையாவும் சிரித்தார். முகம் வெளுத்துப் போயிருந்தாலும் விடாமல் சிரித்தார். "ஏன் அம்மணி, என்ன வெளையாட்டு இது, உடு" என்றார்.

"வெளையாட்டு இல்லீங்க. அன்னைக்கு அவ ரெண்டு வாட்டி நிறுத்தச் சொன்னா. நீங்க யாரும் கேக்கல, நானுங் கேக்கல. அவ வேண்டாம்னு சொன்னா அது வேண்டாம்தானுங்க. இங்கிலீசு இல்ல அது."

"ஒரு வாய் இனிப்புக்காடி இத்தன பேச்சு?" என்றார் நங்கையா. இப்போது அவர் சிரிக்கவில்லை. "சம்பந்தி ஊட்டுக்காரங்க முன்னாடி என்ற புள்ள வாழ்க்கையோட வெளையாடற நீ. டேய் சபரீசு, சொல்றா அவகிட்ட."

சபரீஷ் வாயைத் திறந்தார். அந்தப் பெரிய குரல் எனக்கு எதிராக வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் மகளைப் பார்த்தார். அவள் இன்னும் வாயைத் திறந்தபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தாள். சபரீஷ் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். பதினோரு வருஷத்தில் அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

பெரியவர் சிரிப்பை நிறுத்தினார். என் பிடிக்குள் அவர் கை தளர்ந்தது. மைசூர்பாகை மெதுவாகத் திரும்பத் தட்டில் வைத்தார். கல்யாணம் நிற்குமா நடக்குமா என்பதெல்லாம் அந்த ஹாலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, நான் அதைப் பார்க்கவில்லை. நான் மௌனிகாவுக்குப் பக்கத்தில், அவளைத் தொடாமல், தரையில் உட்கார்ந்தேன்.

"நிறுத்தியாச்சு கண்ணு" என்றேன்.

அவள் வாயை மூட இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.